குழாயடிக்குப் போகிற வழி

வைகாசி 2, வியாழன்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் மழை. வழக்கம்போல். பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சேறு.

அம்பாங்கிலிருந்து ஆ சோங் வந்து கொல்லையில் இருக்கும் பலா அடிமரத்தைப் பார்த்தார். ஈயச் சுரங்கத்துக்குக் காடு திருத்தின நாளிலிருந்து இதே தொழிலாம். மரத்தை வெட்டுகிறவர் வேறு, வேரோடு பிடுங்குகிறவர் வேறு என்கிறார். இவர் பிடுங்குகிறவர். சுற்றி வந்தார். காலால் உதைத்தார். குனிந்து வேரை மோந்துகூடப் பார்த்தார். பிறகு, "பிடிவாதம் ஜாஸ்தி" என்று மலாயில் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். மரத்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

அடுத்த வியாழன் இரண்டு ஆட்களோடும் கையால் ஆட்டிச் சங்கிலியை இழுக்கும் விஞ்சோடும் வருகிறார். அதற்குள் நான் செய்து வைக்க வேண்டியதாக அவர் சொன்னது:

சுற்றிலும் முழ ஆழம் மண் பறித்து வேர்களை வெளியே காட்டுவது. அடிமரத்தில் ஆணி, கம்பி இருந்தால் பிடுங்குவது (கோடாரி வாய் போனால் என் தலையில்). கோழிக்கூட்டை நகர்த்துவது. விஞ்சு நுழையப் பின்வேலியைத் திறந்து வைப்பது. மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குச்சி நடுவது. கொல்லையில் இன்னொரு அடிமரமும் இருப்பதால், பிடுங்க வேண்டியதில் ஒரு துணி கட்டி வைப்பது. மற்றது ஆள் உயரத்துக்கு நிற்கும் ரம்புத்தான். துணி காயப்போடும் கொடி அதில்தான் கட்டியிருக்கிறது. அது இருக்கட்டும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. பா. இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருக்கிறாள். (பெண்டாட்டி பேரை முழுசாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும். பாக்கியம். போதும், ஒரு தடவை எழுதியாயிற்று.) ஆபரேஷன் நடந்தது நடந்ததுதான், இனி கட்டு அவிழ்க்கும்போதுதான் தெரியும் என்கிறார் டாக்டர். இடது கண் போனது போனதுதான். வலது பாதி பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். அடுத்த வெள்ளி அவிழ்க்கிறார்கள்.

மகள் ராஜம் ரவாங்கிலிருந்து வந்திருந்தாள். "அப்பா, நீங்க கூட்ஸ் வண்டியில ஏறினா மறுநாள்தான் வர்றீங்க. அம்மா தனியா கெடந்து தடுக்கி விழுந்தா யாருப்பா பாக்கறது? நான் ரவாங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்." நியாயந்தான். ரயில் கார்டு வேலை அப்படி. ராஜம் வெளியே போனதும் பா. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நம்ம குழாயடிக்கு யாரு கையும் புடிக்காம நானே போய் வரணும். அது முடிஞ்சா நான் ஏன் ரவாங்குக்குப் போறேன்?"

சமையலறை வாசலிலிருந்து குழாயடிக்கு நேர் வழி. நடுவில் சனியன் மாதிரி அந்த அடிமரம். தை மாதம் பட்டப்பகலில் அதன் வேரில் தடுக்கி விழுந்தபோதுதான் அவளுக்குக் கண் போய்க்கொண்டிருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

பிடுங்கியே தீர வேண்டும். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்.


வைகாசி 3, வெள்ளி

டூட்டி இல்லை. விடிந்ததும் மண்வெட்டி.

பலா வேர் என்று பேர்தான். எல்லாம் இரும்பு. பத்து மணிக்குள் கை கொப்புளம். கோழிகள் புழு பொறுக்க என் காலுக்கடியில். ஒரு கோழி மண்வெட்டியைக் கண்டு நகரக்கூட மாட்டேன் என்கிறது, தான்தான் மேஸ்திரி என்கிற மாதிரி.

அடிமரத்தில் ஆணி ஆணியாக வந்தது. நான் அடித்ததுதான். நட்டு வருஷக்கணக்காகியும் காய்க்காமல் நின்ற மரம். அடுத்த வீட்டு வீராயி, "ஆணி அடிங்கண்ணே, பயந்து காய்க்கும்" என்றாள். கேலி பண்ணிக்கொண்டேதான் அடித்தேன். மறு வருஷம் காய்த்தது! எங்கள் லயன் வீட்டு வரிசை முழுக்கப் பலாச்சுளை. அன்று முதல் வீராயிக்குக் கொல்லை விஷயத்தில் தலைகால் புரியாத பெருமை. பிறகு கரையான் ஏறி, போன வருஷம் ரயில்வே ஆட்கள் வந்து வெட்டினார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் வெட்ட உத்தரவு, அதற்குக் கீழே வெட்ட உத்தரவில்லை போலிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

குறடு வைத்து ஆணிகளைப் பிடுங்கினேன். ஒன்று மட்டும் பெரிய ஆணி. அதில் பா. அரிக்கேன் விளக்கு மாட்டுவாள், நான் ராத்திரி வண்டியிலிருந்து வரும் நாட்களில். அதை எறிய மனம் வரவில்லை. சமையலறை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

மண்ணுக்குள் கிடைத்தது: ஓட்டைக் கரண்டி. ராஜத்தின் உடைந்த கண்ணாடி வளையல், பச்சை. என் பழைய விசில். இரண்டு வருஷம் முன்னால் இதைக் காணாமல் நான் வீட்டையே தலைகீழாக்கினேன். கோழி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று பா. அப்போதே சொன்னாள். நான் எங்கே கேட்டேன்.


வைகாசி 4, சனி

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

கோழிக்கூடு நகர்த்தியாயிற்று. குச்சி நட்டாயிற்று. வேலி நாளைக்கு.

மத்தியானம் ஒரு யோசனை. துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலிலிருந்து குழாயடிக்கு நடந்து பார்த்தேன். அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டாமா? முதல் தடவை நேராக வேலிக்குப் போய் முட்டினேன். இரண்டாம் தடவை நானே பறித்த பள்ளத்தில் ஒரு கால். மூன்றாம் தடவை கோழிக்கூடு. நகர்த்தியதை மறந்துபோனேன். கோழிகளெல்லாம் ஊரைக் கூட்டின.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரேசம்மா சிரிக்கிற சத்தம். எஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேன் சம்சாரம், வாய் ஓயாது. "என்ன அண்ணே, இந்த வயசுல கண்ணாமூச்சியா? யாரைப் புடிக்கப் போறீங்க?"

"பாக்கியம் எப்படிப் போவான்னு பாக்கறேன்மா."

சிரிப்பு நின்றுபோயிற்று. துண்டை அவிழ்த்துப் பார்த்தால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கயிற்றுச் சுருளோடு வந்தாள். "வாசல்ல இருந்து குழா வரைக்கும் கட்டி விடுங்கண்ணே. அக்கா அதைப் புடிச்சிட்டே போய்டுவாங்க." அடிமரம் போனதும் கட்டுகிறேன் என்றேன். கயிறு நடுவில் அடிமரத்தைச் சுற்றி வளைந்தால் என்ன பிரயோஜனம்?

கண்ணைக் கட்டிக்கொண்டு நான் நின்றது கொஞ்ச நேரம்தான். அவள் இதிலேயே இருக்கப்போகிறாள். நான் துண்டை அவிழ்த்துவிட்டேன்.


வைகாசி 5, ஞாயிறு

வேலி திறந்தேன். பள்ளம் பறித்த இடத்தில் கட்டெறும்புப் படை. கையெல்லாம் கடி. வீராயி வந்து பார்த்து, "மஞ்சத்தண்ணி தெளிங்கண்ணே, எறும்பு ஓடிடும்" என்றாள். ஆணி விஷயத்தில் ஜெயித்தவள். கேட்டேன். ஒரு வாளி மஞ்சள் கரைத்து, அடிமரத்தின் தலையிலிருந்து அபிஷேகம் பண்ணுகிற மாதிரி ஊற்றினேன். எறும்பு போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அடையாளத் துணியும் கட்டியாயிற்று. பழைய வேட்டியில் ஒரு கிழிசல். வெள்ளைத் துணி, மஞ்சள் தண்ணீரில் நனைந்து நல்ல மஞ்சளாகிவிட்டது. ஆ சோங்குக்குத் தூரத்திலிருந்தே தெரியும். நல்லதுதான்.

ஆஸ்பத்திரியில் பா.விடம் எல்லாம் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்ததை மட்டும் சொல்லவில்லை. நெற்றி ஏன் வீங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக் கேட்டாள். வண்டியில் இடித்துக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை. நான் பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கண்ணே வேண்டாம்.


வைகாசி 6, திங்கள்

இரவு கூட்ஸ், கிள்ளானுக்கு. கிளம்பும்போது அடிமரத்தின்மேல் இரண்டு செம்பருத்திப்பூ. காற்றில் விழுந்திருக்கும்.


வைகாசி 7, செவ்வாய்

கிள்ளானிலிருந்து திரும்பினது சாயங்காலம். மழையில் நனைந்த தொப்பி.

பூ காற்றில் விழவில்லை. பின் கொல்லையில் அகல் விளக்கு! எலுமிச்சம்பழம் இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவியது. கற்பூரம் எரிந்த கரி. அடிமரத்துக்கு மூன்று கோடு விபூதி. தலையில் மஞ்சள் துணி, நான் கட்டினது, இப்போது பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றுகிறது. யாரடா இது? வீராயி வீட்டில் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டாள். கடங்காரி. வியாழன் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் போச்சு. இப்போது தூக்கம்.


வைகாசி 9, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஆ சோங், இரண்டு ஆட்கள், மாட்டு வண்டியில் விஞ்சும் சங்கிலியும். திறந்து வைத்த வேலி வழியாக வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். அள்ளிப் போடுகிறேன் என்று நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன், காலையில் அதன் கிட்டே போனதும் கை வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆ சோங் தொப்பியைக் கழற்றினார். "இனி டத்தோ பூஞ்ஞா" என்றார் மலாயில். இது டத்தோவுடைய இடமாம். அவர்களுக்கு மரத்தில் குடியிருக்கும் காவல் சாமி டத்தோ. நம் ஆட்களுக்கு முனியாண்டி. பேர்தான் வேறு, பயம் ஒன்றே. "டத்தோ இல்லைப்பா, வேட்டிக் கிழிசல், மஞ்சத்தண்ணி, எறும்பு" என்று நான் தமிழிலும் மலாயிலும் கத்தினேன். அவர் ஆட்கள் ஏற்கெனவே மாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஆ சோங் நிதானமாகச் சொன்னார்: யார் கூப்பிட்டார்களோ அவர்களே அனுப்ப வேண்டும். அனுப்பினால் திங்கட்கிழமை வருவார். சும்மா இருக்கிற சாமியைச் சங்கிலி போட்டு இழுக்கிற வேலை அவருக்கு வேண்டாமாம்.

போய்விட்டார்கள். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். துணியைப் பிடுங்கி எறியப் போனேன். திரேசம்மா வேலிக்குள் கையை விட்டு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, அவுக்காதீங்க. நாளைக்கு அக்காவுக்குக் கட்டு பிரிக்கறாங்க லா. இன்னைக்கு அவுக்கலாமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்கதானே வேண்டிக்கிட்டுக் கட்டினீங்க? மஞ்சத்தண்ணி ஊத்தி, மஞ்சத்துணி கட்டி. சாமியே கும்பிடாத மனுஷன், பொண்டாட்டி கண்ணுக்காக வேண்டிக்கிட்டாருன்னு வீராயி அக்கா வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. அன்னையில இருந்து ஒவ்வொரு வீட்டுலயும் முறை வெச்சு விளக்கு போடறாங்க. நானும் நேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். மாதாவுக்குத்தான் ஏத்தினேன், ஆனா இங்க வெச்சேன். சாமி எதுவா இருந்தா என்னண்ணே, கண்ணு பாக்கியக்காவுதுதானே."

பார்த்தேன். அகல் விளக்குகளுக்கு நடுவில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டை, உருகி வேரில் ஒட்டிக்கொண்டு.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. இந்த லயனில் எனக்கு யாரையும் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவளுக்காக இத்தனை விளக்கு.

இப்போது துணியை அவிழ்க்கவும் முடியாது. அவிழ்த்து, நாளைக்குப் பா.வுக்குக் கண் தெரியாமல் போனால்? நம்பிக்கை இல்லை, இல்லை என்று இத்தனை வருஷம் சொன்னவன், இன்று துணிக்குக் கிட்டே கையைக் கொண்டுபோகப் பயப்படுகிறேன். அவிழ்க்காவிட்டால் அடிமரம் இருக்கும். அடிமரம் இருந்தால் அவள் தனியாக நடக்க முடியாது. நடக்காவிட்டால் ராஜம் ரவாங்குக்குக் கூட்டிப் போய்விடுவாள். நன்றாக மாட்டிக்கொண்டேன்.


வைகாசி 10, வெள்ளி

கட்டு அவிழ்த்தார்கள்.

கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் நம்ம ஆள்தான். டாக்டர் கேட்பதைத் தமிழில் கேட்டார். "வெளிச்சம் தெரியுதாம்மா?" தெரியுது என்றாள். "ஆளு?" முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "இல்லீங்க. துணிக்குப் பின்னால விளக்கு வெச்ச மாதிரி இருக்கு." வலது கண்ணில் அவ்வளவுதான். இனி அதற்கு மேல் வராது என்றார் டாக்டர்.

அவள் என்னிடம், "அந்தச் சன்னல் பக்கம் போய் நில்லுங்க" என்றாள். போய் நின்றேன். தலையைச் சாய்த்து சாய்த்துப் பார்த்தாள்.

"நீங்கதானா? ஒரே இருட்டா இருக்கே."

"நான் எப்பவும் கறுப்புதானே."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர், ஆனாலும் சிரித்தாள். டிரஸ்ஸர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லை. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, இன்று வெள்ளி வேறு, ஒரு பெரிய மாலை. இத்தனைக்கும் என்ன கொடுத்தாய் நீ என்று கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். கால் ஓங்கினேன். உதைக்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீராயி கற்பூரத்தட்டோடு வந்தவள் அலறினாள். "அண்ணே! சாமி மேலயா உக்காந்திருக்கீங்க, எந்திரிங்க!" என் முகத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல, "எங்க பூசை பத்தலையாண்ணே?" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்வேன்? காலையில் மார்க்கெட்டுக்குக் கூடை சுமக்கிறவள். அந்த எண்ணெய் அவள் குழம்புக்கு வைத்த எண்ணெய்.

"வெளிச்சம் தெரியுதும்மா. அதுகூட இல்லாமப் போயிருக்கும். உங்க பூசையாலதான்."

சொன்னேன். பொய் இல்லை என்றும் தோன்றியது. தெரியவில்லை.


வைகாசி 11, சனி

பா. வீட்டுக்கு வந்தாள். ரிக்ஷாவில், என் தோளில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் எந்த இடம் என்று தானே சொல்லிக்கொண்டு. இங்கே கரி வாசனை, ஸ்டேஷன் வந்தாச்சு. இங்கே மசாலா அரைக்கிற கடை. தப்பே இல்லை.

வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேட்டிக் கிழிசல், மஞ்சத்தண்ணி, டத்தோ, மெழுகுவர்த்தி, ஆ சோங் தொப்பியைக் கழற்றினது. சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "உங்களை நம்பி ஒரு துணி குடுக்க முடியுதா? ஒரு வாரத்துல கோயில் கட்டிட்டீங்களே!" ரிக்ஷாக்காரனும் சிரித்தான், தமிழ் தெரியாமலே.

லயன் பெண்கள் கொல்லையில் காத்திருந்தார்கள். நான் அவளை அடிமரத்தடிக்கு அழைத்துப் போனேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டித் தடவினாள். பூ, எலுமிச்சம்பழம், எண்ணெய்ப் பிசுக்கு. மெழுகு தட்டுப்பட்டதும், "இது திரேசாதானே" என்றாள். திரேசம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"வீராயி எங்க?"

"இங்கதான்க்கா இருக்கேன்."

"இது எனக்காகக் கட்டினது. அப்ப நான் அவுக்கலாம்தானே?"

வீராயி என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். "நீங்க அவுத்தா தப்பில்லக்கா" என்றாள்.

பா. துணியை அவிழ்த்தாள். முடிச்சைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. நான் கட்டினது கன்னாபின்னாவென்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி அடிமரத்தோடு பேசினாள். "சாமி, கேக்காமலே வந்தீங்க, இத்தனை பேரை எனக்காக விளக்கேத்த வெச்சீங்க. எனக்கு அது போதும். இப்ப நான் தண்ணி எடுக்கப் போகணும். வழியை விட்டு அந்தச் செம்பருத்திக்குக் கீழ போய் உக்காந்துக்குங்க. அங்க நிழலும் இருக்கு."

வேலியோரம் செம்பருத்திச் செடிக்கு அடியில் ஒரு தட்டைக்கல் வைத்து, துணியைச் சுற்றி, விளக்குகளையெல்லாம் பெண்கள் அங்கே மாற்றினார்கள். திரேசம்மா மெழுகுவர்த்திக் கட்டையை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். மாதா கோபித்துக்கொள்வாளாம்.

நான் கைகூப்பினேன். யாரும் பார்க்காத மாதிரி. பா. பக்கத்திலேயே நின்றாள், "கையைக் கீழ போடுங்க, கூச்சப்படறீங்க" என்றாள். எப்படித் தெரிந்தது?


வைகாசி 13, திங்கள்

நல்ல வெயில். மழை சாயங்காலம்தான் வந்தது. சாமி செம்பருத்திக்கடியில் சௌக்கியம்.

ஆ சோங் வந்தார். காலி அடிமரத்தையும் செம்பருத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்தி. ஆனாலும் மூன்று ஊதுபத்தி கொளுத்தி இரண்டு இடத்துக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் சங்கிலியை எடுத்தார்.

ரம்புத்தான் அடிமரத்தில் விஞ்சைக் கட்டினார்கள். அதை விட்டுவைத்தது நல்லதாயிற்று. பலா வேர்களுக்கடியில் சங்கிலி. பக்க வேர்களைக் கோடாரியால் துண்டித்தார்கள். ஒரு ஆணியும் இடறவில்லை. ஆ சோங் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மேலதிகாரி மெச்சினாற்போல் குளிர்ந்துபோயிற்று. பிறகு இரண்டு ஆளும் விஞ்சின் கைப்பிடியை ஆட்ட ஆட்ட, சங்கிலி இறுகி முனகியது.

பா. சமையலறைப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் விடல... இப்ப அசையுது... இந்தப் பக்கத்து வேர் அறுந்துடுச்சு" என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெரிய முறிவுச் சத்தம். தரையே ஒரு குலுக்கு. ஆணி வேரோடு சாய்ந்தது, மேலெல்லாம் சிவப்பு மண்ணோடு. பச்சை வேரின் வாசனை கொல்லை முழுக்க. "பலாச்சுளை வாசனை அடிக்குது" என்றாள். எனக்கும் அடித்தது. எப்படி அடிக்கும், மரம் செத்து ஒரு வருஷமாகிறதே?

குழியை மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, மிதித்து மிதித்து இறுக்கினேன். ஆ சோங்கும் மிதித்தார். மழைக்கு முன்னால் முடிந்தது. கயிறு கட்டினேன், வாசல் நிலையிலிருந்து குழாயடி வரைக்கும் நேராக. மாடத்தில் வைத்திருந்த அந்தப் பெரிய ஆணியை நிலையில் அடித்துக் கயிற்றின் முனையை அதில் மாட்டினேன். பா. தடவிப் பார்த்தாள். "விளக்கு மாட்டின ஆணிதானே இது." ஆமாம் என்றேன். ஆணியையே பிடித்துக்கொண்டு நின்றாள்.


வைகாசி 15, புதன்

காலை வண்டியில் ராஜம் வந்தாள். கையில் காலி டிரங்குப் பெட்டி. அம்மா புடவையெல்லாம் அடுக்க. முகத்தில் சண்டைக்குத் தயாரான களை, என் பெண்தானே.

பா. பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தத்தைக் கேட்டாள். எழுந்தாள். வாளியை எடுத்தாள். வாசல் நிலையில் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். கயிற்றைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை! அப்படியே படியிறங்கினாள்.

ராஜம் ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பா. நடந்தாள். மெதுவாக, தலையைக் கொஞ்சம் சாய்த்து. அடிமரம் இருந்த இடம் வந்ததும், ஒன்றுமே இல்லாத சமதரையில், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது பக்கமாக வளைந்து சுற்றிப் போனாள். இருந்த காலத்தில் எப்படிச் சுற்றுவாளோ அப்படியே.

"அது இல்லடி, பிடுங்கியாச்சு. நேரா போ!" என்று கத்தினேன்.

"தெரியுது. காலுக்குத்தான் இன்னும் சொல்லல" என்றாள், திரும்பாமலே.

குழாயடி. கல்லைத் தொட்டாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே வாளி நிறைந்தது தெரிந்து மூடினாள். தூக்கிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் மறுபடியும் வளைந்தாள். தண்ணீர் கொஞ்சம் தளும்பியது. படிக்கு வந்து வாளியை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ராஜம், காப்பி போடட்டுமா?" என்றாள்.

ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன்.

காப்பி பா.தான் போட்டாள். சர்க்கரை ஜாஸ்தி. யாரும் சொல்லவில்லை.

நாலு மணி வண்டிக்கு ராஜம் கிளம்பினாள். காலிப் பெட்டியில் செம்பருத்திக்கடியிலிருந்து கொஞ்சம் விபூதியும் இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது என் காதில், "வாரம் ஒரு தடவை வந்து பாப்பேன்பா, சண்டை போடக் கூடாது" என்றாள். வா, வா, யார் சண்டை போடுகிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி, கோழிகளை அடைக்கக் கொல்லைக்குப் போனேன். பா. படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கூடு வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் அவளிடமிருந்து ஒரு சிரிப்பு.

"என்னடி?"

"நீங்களும் சுத்தித்தான் போறீங்க. செருப்புச் சத்தம் கேக்குது."